லங்கர்: தமிழில் எப்படிச் சொல்வது?

தங்கள் கோயிலான குருத்வாராவுக்கு வருகிற எல்லோருக்கும் போடும் சாப்பாட்டைச் சீக்கியர்கள் 'லங்கர்' என்பார்கள். தமிழில் இதை 'அன்னதானம்' என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு உறுத்துகிறது. தானம் என்றாலே கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே. சீக்கிய சமயத்தைத் தொடங்கிய குரு நானக் (1469–1539) ஒழிக்க நினைத்ததே அந்த மேல் கீழைத்தான்.

சொல் பாரசீகம். சூஃபி மடங்களில் வழிப்போக்கருக்கும் ஏழைகளுக்கும் சோறு போட்ட இடத்துக்கு முன்பே இந்தப் பெயர் உண்டு. பாரசீகத்தில் லங்கர் என்றால் கப்பலை நிறுத்தும் நங்கூரமும்தான். நம் 'நங்கூரம்' அதிலிருந்து வந்ததே!

சரி, பொருளுக்கு வருவோம். யார் சமைத்ததை யார் சாப்பிடலாம், யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்கிற கணக்கில்தான் சாதி தினமும் உயிர் பிழைத்தது. ராவி ஆற்றங்கரையில் கர்தார்பூரில் குடியேறிய நானக், எல்லோரும் சேர்ந்து உழைத்து, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் வழக்கத்தை அங்கே உண்டாக்கினார். இரண்டாம் குரு அங்கதின் மனைவி மாதா கீவி பரிமாறிய நெய்ப் பாயசம் சீக்கியர்களின் புனித நூலிலேயே இடம்பெற்றிருக்கிறது. மூன்றாம் குரு அமர் தாஸ் இன்னும் கறாராகிவிட்டார்: முதலில் 'பங்கத்' (சாப்பாட்டு வரிசை), அப்புறம்தான் 'சங்கத்' (குருவின் சபை). அதாவது என்னைப் பார்க்க வேண்டுமா, முதலில் எல்லோரோடும் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வா. அக்பரே அப்படித் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் அவரைப் பார்த்தார் என்பது சீக்கிய மரபு.

இந்தப் 'பங்கத்' இருக்கிறதே, அது வடமொழிப் 'பங்க்தி', வரிசை. நம் 'பந்தி'யும் அதே வேர்தான். அப்படியானால் தமிழ்ச் சொல்லுக்கு எங்கே தேட வேண்டும்? சமபந்தி! வேர் வடமொழியாயிற்றே என்பவர்கள் 'ஒருநிரை உணவு' என்று சொல்லிப் பார்க்கலாம், ஆனால் பந்தி என்றதும் கண்முன் வருகிற இலையும் வாளியும் அதில் வராது. 'சம' என்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டதை எதிர்த்துப் பெரிய கிளர்ச்சியே நடந்த நாடு இது. வெறும் பந்தி பிரித்தும் வைக்கும்.

அமிர்தசரஸ் பொற்கோயிலில் நீளமாகப் பாய் விரித்திருக்கும். தலையை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்தால் வாளியில் பருப்பு வரும். ரொட்டியை மட்டும் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து ஏந்தித்தான் வாங்க வேண்டும். பரிமாறியவர் அடுத்த பந்தியில் உட்கார்ந்தால், அவரும் அப்படித்தான் ஏந்துவார்.