வராத மோட்டாருக்கு முன்பணம் கட்டுமுன்

"யமஹா ஒய்16-க்கு அடுத்து வர்றது 180 சிசியாமே அண்ணே? அது வர்ற வரைக்கும் இந்த வண்டிக்குச் செலவு வேணாம்னு பாக்குறேன்." கெடா, பாடாங் செராய் பக்கத்து மோட்டார் சைக்கிள் பட்டறைகளில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. பெரும்பாலும் இப்படிச் சொல்பவரின் வண்டியில் செயின் தொங்கிக் கிடக்கும், பின் ஸ்ப்ராக்கெட்டின், அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தின் பற்கள் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். அடுத்த மாடலைப் பற்றி ஊகிப்பதில் தப்பே இல்லை. கணக்குப் போட்டு ஊகியுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

முதல் கணக்கு சிலிண்டரின் அளவு. போர் என்பது சிலிண்டரின் விட்டம். ஸ்ட்ரோக் என்பது பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம். போரை அதே எண்ணால் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கி, 0.7854-ஆல் பெருக்கி, 1,000-ஆல் வகுத்தால் சிசி, அதாவது சிலிண்டரின் கொள்ளளவு வந்துவிடும். யமஹா ஒய்15-க்கு போர் 57.0, ஸ்ட்ரோக் 58.7 மில்லிமீட்டர், விடை 149.8. ஒய்16-க்கு 58.0, 58.7, விடை 155.1. ஸ்ட்ரோக் அப்படியே இருக்கிறது, போரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் சாலை வரி 2 ரிங்கிட்டிலிருந்து 30 ரிங்கிட்டுக்குப் போனது அந்த ஒரு மில்லிமீட்டரால்தான். 150 சிசி வரை 2, 200 வரை 30, 250 வரை 50 ரிங்கிட். பி2 ஓட்டுநர் உரிமம் 250 சிசி வரை செல்லும்.

ஆக, 150-க்கு மேல் போனவர்கள் 200 வரை தாராளமாகப் போகலாம், வரியும் உரிமமும் குறுக்கே நிற்காது. 180 சிசி வதந்திக்கு உயிர் கொடுப்பது இதுதான். ஆனாலும் எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. 58.0, 58.7 என்ற இதே அளவில்தான் யமஹாவின் என்மேக்ஸ், என்விஎக்ஸ், ஆர்15, எம்டி-15 எல்லாமே ஓடுகின்றன. இத்தனை மாடலுக்கு அச்சு வார்த்து, பாகம் செய்து, புகைச் சோதனையும் முடித்த அளவை ஒய்16 மாதிரியான ஒரு கப்சாய்க்காக (சிறிய மோட்டார் சைக்கிளுக்காக) ஒரு நிறுவனம் அவ்வளவு சுலபமாகக் கைவிடாது. போரை மாற்றினால் சிலிண்டர் பிளாக், பிஸ்டன், கிராங்க்கின் சமநிலை, இன்ஜெக்டர் பீய்ச்சும் பெட்ரோலின் கணக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். அடுத்த மாடலிலும் 155 தங்கும், மாற்றம் உடலிலும் மீட்டரிலும் பிரேக்கிலும் வரும் என்பதே எங்கள் ஊகம். துப்பு வேண்டுமானால் வியட்நாமைப் பாருங்கள். ஒய்16 இங்கே 2021 டிசம்பரில் வந்தது. அதே வண்டி எக்சைட்டர் 155 என்ற பெயரில் அங்கே ஏறக்குறைய ஓராண்டு முன்பே ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவதாகக் கேட்க வேண்டியது, இழுவை (டார்க்) இஞ்சினின் எந்தச் சுற்றில் வருகிறது என்பது. இதை யாரும் கேட்பதில்லை என்பதுதான் வருத்தம். 155-இன் உச்ச இழுவை 14.4 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 8,000 சுற்றில். இந்த இஞ்சினில் உள்ள விவிஏ என்பது, காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் இன்டேக் வால்வைத் திறக்கும் கேமை (திறக்கும் மேடுள்ள பாகத்தை) மாற்றிக்கொடுக்கும் ஏற்பாடு. ஏறக்குறைய 7,000 சுற்றில்தான் அது பெரிய கேமுக்குத் தாவும். பிகேஇ எனும் பட்டர்வொர்த்–கூலிம் நெடுஞ்சாலையில் கூலிம் ஹைடெக் தொழிற்சாலைக்குப் போகிறவருக்கு இது உதவும். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில், பின்னால் கேஸ் தோம்பு கட்டி, இரண்டாவது கியரில் மேடேறுகிறவர் 7,000 சுற்றைத் தொடவே மாட்டார்.

அவருக்கு ஹோண்டா இஎக்ஸ்5 நல்ல பாடம். பழைய வண்டி 50.0, 49.5, அதாவது 97 சிசி. இப்போதைய 110 எஃப்ஐ (இன்ஜெக்டர் உள்ளது) 50.0, 55.6, அதாவது 109 சிசி. இங்கே போர் அப்படியே இருக்க, ஸ்ட்ரோக் 6.1 மில்லிமீட்டர் நீண்டிருக்கிறது. குறைந்த சுற்றில் நிதானமாக இழுக்க வேண்டிய வண்டிக்கு இது ஏற்ற வழி. கூடவே காற்றுக் குளிர்ச்சி. ரேடியேட்டர் இல்லை, அதனால் அடைப்பதற்கும் ஒன்றுமில்லை.

ரேடியேட்டர் உள்ள வண்டி தோட்டத்துக்குள் போனால் என்ன ஆகும்? முன் டயர் வாரி அடிக்கும் சேறு மெல்லிய தகடுகளுக்கு நடுவே புகுந்து, வெயிலில் ஓடு மாதிரி காய்ந்துவிடும். வெளியே பார்த்தால் லேசான செம்மண் பூச்சுபோலத்தான் தெரியும். டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து முன்னாலிருந்து பாருங்கள், பாதி இடத்தில் வெளிச்சமே வராது. ஃபேன் ஓயாமல் சுற்றுவதற்குக் காரணம் அதுதான். இஞ்சின் ஆறிய பிறகு, சாதாரணக் குழாய்த் தண்ணீரை இஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கி விட்டுக் கழுவுங்கள். உயர் அழுத்த வாட்டர் ஜெட் வேண்டவே வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும். கூலண்ட் தொட்டியில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உள்ளே உப்புப் படியும்.

180 வரட்டும் என்று காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஒய்15-க்கு 62 மில்லிமீட்டர் போர் உள்ள பிளாக் போடுகிறார்களே, அது 177 சிசி. பதிவு அட்டையில் இருப்பதோ 150. ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதியில்லாமல் மாற்றியது குற்றம். விபத்து நடந்தால் காப்புறுதி கைவிரிக்கவும் இடமுண்டு. பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கணினியான இசியுவை மாற்றாமல் ஓட்டினால் பெட்ரோல் போதாமல் கலவை மெலிந்து, சூடேறி, பிஸ்டன் சிலிண்டரைச் சுரண்டிப் பிடித்துக்கொள்ளும். பிளாக்கைத் திறந்தால் உள்சுவரில் மேலிருந்து கீழாக நகத்தால் கீறியது மாதிரி கோடுகள் இருக்கும்.

முன்பணம் விஷயத்துக்கு வருவோம். நிறுவனம் விலையை அறிவிக்கும் முன் யாரிடமும் பணம் கட்டாதீர்கள். அறிவிக்கும் விலையிலும் சாலை வரி, காப்புறுதி, பதிவுச் செலவு பெரும்பாலும் சேராது. எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ரசீது கடையின் பெயரில் இருக்க வேண்டும். மாடல், நிறம், வண்டி வராவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதெல்லாம் அதில் எழுத்தில் இருக்கட்டும். தனி ஆளின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அந்த முன்பணத்தில் ஒரு பங்கை இருக்கிற வண்டியின் செயினுக்குச் செலவிடுங்கள். நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் கப்சாய்களில் பெரும்பாலும் மூன்று சென்டிமீட்டர் அளவுக்குத்தான் ஆட வேண்டும். வண்டியின் கையேட்டில் சரியான அளவு இருக்கும். மாற்றும்போது செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். வளைந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரமே நீண்டு தொங்கிவிடும்.