போக்குவரத்தை யாரும் அமைதிப்படுத்த வேண்டாம், வேகத்தைத் தணியுங்கள்

எங்கள் பகுதியில் நடந்த சாலைத் திட்டக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இரண்டு பக்கத் தாள் ஒன்று கொடுத்தார்கள். அதில் ஒரு வரி: ‘பள்ளிகளை ஒட்டிய தெருக்களில் போக்குவரத்து அமைதிப்படுத்தல் நடவடிக்கைகள் மேற்கொள்ளப்படும்.’ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இட்லிக் கடை அம்மா அந்த வரியில் விரலை வைத்து, “ஹார்ன் அடிக்கக் கூடாதுன்னு போர்டு வைக்கப் போறாங்களா தம்பி?” என்று கேட்டார். அவர் பேத்தி அந்தத் தெருவைக் கடந்துதான் பள்ளிக்குப் போகிறாள். பள்ளி வாசலில் வண்டிகள் பறக்கின்றன, ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லத்தான் அவர் கடையை மூடிவிட்டு வந்திருந்தார். அவர் கேட்க வந்தது அந்தத் தாளிலேயே இருந்தது. மொழிபெயர்ப்பு அதை அவரிடமிருந்து மறைத்துவிட்டது.

இந்தத் தொடரை நான் பார்ப்பது முதல் தடவை அல்ல. திட்ட அறிக்கைச் சுருக்கங்களிலும் பயிலரங்க அழைப்பிதழ்களிலும் இதே ‘அமைதிப்படுத்தல்’தான். இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் இதை டிராஃபிக் காமிங் என்பார்கள். அது 1980-களில் ஜெர்மன் மொழியின் ‘ஃபெர்கேர்ஸ்பெரூயிகுங்’ என்ற சொல்லிலிருந்து பெயர்த்தது. ஃபெர்கேர் என்றால் போக்குவரத்து, பெரூயிகுங் என்றால் அடங்கச் செய்தல். கருத்து அதற்கும் முந்தியது. 1960-களின் கடைசியில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் குடியிருப்புத் தெருக்களை வண்டிகள் மெதுவாகப் போகும்படி மாற்றி அமைத்தார்கள். அப்படிப்பட்ட தெருவுக்கு ‘வூனெர்ஃப்’ என்று பெயர், குடியிருப்பு முற்றம் என்று பொருள். 1976-இல் அதற்குச் சட்ட ஏற்பும் கிடைத்தது. பெயர் வரலாறு இவ்வளவுதான்.

செய்வது என்ன என்பதுதான் முக்கியம். சாலையின் வடிவத்தை மாற்றி, ஓட்டுநர் தானாகவே வேகத்தைக் குறைக்கும்படி செய்வது. தெருமுனையைக் குறுக்குவது, நேர்கோடாக ஓடும் தெருவை லேசாக வளைப்பது, சிறு ரவுண்டானா வைப்பது, ஆட்கள் கடக்கும் இடத்தில் சாலையையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துவது. இதில் எதுவும் ஓசையைப் பற்றியது அல்ல. கோபத்தைப் பற்றியதும் அல்ல.

தமிழில் எதை அமைதிப்படுத்துவோம்? அழும் குழந்தையை, கொந்தளிக்கும் கூட்டத்தை, கூச்சல் போடும் வகுப்பறையை. ‘அமை’ என்ற வேருக்குப் பொருந்துதல், அடங்குதல் என்ற பழம்பொருள் உண்டு. ‘இலக்கண அமைதி’ என்கிறோமே, அங்கே அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் இன்றைக்குத் தெருவில் போகிறவரிடம் அமைதி என்று சொன்னால் சத்தமின்மை, இல்லாவிட்டால் சண்டையின்மை. மூன்றாவது பொருளை அவர் நினைக்க மாட்டார், நினைக்க வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. ‘போக்குவரத்து’ என்ற முன்பாதியும் உதவாது. போவதும் வருவதும் அதில் அடங்கும். பேருந்துக் கழகமும் போக்குவரத்து, சிக்னலில் நிற்கும் காவலரும் போக்குவரத்து. எல்லாவற்றையும் குறிக்கும் சொல்லோடு வேறெதையோ குறிக்கும் சொல்லை ஒட்டினால் யாருக்கும் எதுவும் புரியாத தொடர்தான் கிடைக்கும்.

‘வேகக் கட்டுப்பாடு போதாதா?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். போதாது. கட்டுப்பாடு என்றால் விதி, பலகை, அபராதம். முப்பது என்று பலகை வைப்பது கட்டுப்பாடு. பலகையே இல்லாவிட்டாலும் முப்பதுக்கு மேல் போகக் கை வராதபடி தெருவை அமைப்பது வேறு வேலை. முதலாவதைக் காவல் துறை செய்யலாம். இரண்டாவதை வரைபடம் போடும்போதே பொறியாளர் செய்தாக வேண்டும். சாலைப் பாதுகாப்பைத் திட்டமிடுதலுக்குள் கொண்டுவர வேண்டும் என்று எல்லா அறிக்கைகளும் சொல்கின்றன. அது நடக்கிற இடமே இதுதான். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், பலகை நட்டவர்கள் வேலை முடிந்தது என்று கணக்குக் காட்டிவிடுவார்கள்.

‘வேகத்தடை’ அருமையான சொல். ஸ்பீடு பிரேக்கருக்கு மக்கள் நாவில் நிலைத்தது. ஆனால் அது ஒரு கருவியின் பெயர். சாலைகளுக்கு நெறிமுறை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 99-ஆம் எண் நெறிமுறையைப் பாருங்கள். 1988-இல் வந்தபோது அதன் தலைப்பில் இருந்தது வேகத்தடை மட்டும்தான். 2018-இல் திருத்தியபோது தலைப்பே டிராஃபிக் காமிங் என்று விரிந்துவிட்டது. வேகத்தடைக்கே அளவு உண்டு: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், மெல்ல ஏறி இறங்கும் வளைவு. நம் தெருக்களில் ஒரு முழ அகலத்துக்குத் தாரைக் குவித்து வைத்து, வண்டியின் அடிப்பாகத்தையும் பின்னால் உட்கார்ந்திருப்பவர் இடுப்பையும் ஒடிக்கிறோம்.

என் சொல் வேகத்தணிப்பு.

தணிதல் என்பதை நாம் எங்கெல்லாம் சொல்கிறோம் என்று பாருங்கள். வெயில் தணிந்தபின் கிளம்பு. காய்ச்சல் தணிந்தது. தாகம் தணிந்தது. குரலைத் தணித்துப் பேசு. முருகன் சினம் தணிந்த இடம் திருத்தணி. வெயில் தணிந்தால் பகல் நின்றுவிடுவதில்லை, குரலைத் தணித்தால் பேச்சு அறுந்துவிடுவதில்லை. அளவு மீறியது அளவுக்கு இறங்குகிறது, அவ்வளவே. பள்ளித் தெருவில் வண்டிக்கு வேண்டியதும் அதேதான். வேகத்தடையைப் போலவே புணர்வதால் காதுக்கும் புதிதாக இராது.

தனித்தமிழ் அன்பர்கள் ‘வேகம் வடசொல், விரைவுத்தணிப்பு என்று எழுது’ என்பார்கள். எனக்கும் தனித்தமிழில் பற்று உண்டு. ஆனால் விரைவு நமக்கு நல்ல பொருளில் பழகிவிட்டது: விரைவுப் பேருந்து, விரைவு ரயில், விரைவில் நலம் பெறுக. ஆபத்தைச் சொல்லும்போது வருவது வேகம். ‘மித வேகம் மிக நன்று’ என்பது லாரியின் முதுகில் படித்தே வளர்ந்த வரி. இந்த இடத்தில் வேகத்தை மாற்ற மாட்டேன்.

இன்னொரு தடை உண்மையானது. சாலைகளைப் பாதுகாப்பு நோக்கில் சோதிப்பதற்கு ‘சாலைப் பாதுகாப்புத் தணிக்கை’ என்ற பெயர் அரசு வழக்கில் இருக்கிறது. ஒரே பக்கத்தில் தணிக்கையும் தணிப்பும் வந்தால் குழப்பம் வரும். என்னைக் கேட்டால் மாற வேண்டியது தணிக்கைதான். கணக்குக்கும் திரைப்படத்துக்கும் அது இருக்கட்டும், சாலைக்கு ‘பாதுகாப்பு ஆய்வு’ போதும். தணிப்பு ஏற்கெனவே ‘பேரிடர் தணிப்பு’ என்று வழக்கில் இருப்பதால், தீமையைக் குறைக்கும் வேலை என்ற பொருள் தானே வந்து சேரும்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டுமா என்றால், வேண்டும். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். ஒன்றிய அரசின் கணக்குப்படி அதில் பத்தில் ஏழு பேரின் சாவு அதிவேகத்தின் கீழ் வருகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஓட்டுநர் பிரேக்கில் கால் வைக்க யோசிக்கும் ஒரு நொடிக்குள் 17 மீட்டர் ஓடிவிடும். 30-இல் 8 மீட்டர்தான். 30-ஐ விட 60-இல் மோதும் ஆற்றல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. இதையெல்லாம் அறிந்த பொறியாளர் எழுதியதை, எதையும் அறிய முயலாத மொழிபெயர்ப்பு ஹார்ன் பலகையாக மாற்றிவிடுகிறது. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்கிறார்கள், தெருவில் இறங்கிப் பார்ப்பதில்லை. ‘இதைப் படித்தால் உங்கள் அம்மாவுக்குப் புரியுமா?’ என்று தங்களையே ஒரு தடவை கேட்டிருந்தால் அந்தத் தாள் அப்படி வந்திருக்காது.

அன்றைக்கு அந்த அம்மாவிடம், “இல்லைம்மா, பள்ளிக்கூடத்துக்கிட்ட வண்டிங்க வேகத்தைத் தணிக்கிற மாதிரி ரோட்டை மாத்தப் போறாங்களாம்” என்றேன். எழுந்து நின்று, எந்த முனையில், எத்தனை அடி அகலத்தில், காலை எட்டரை மணிக்கு வண்டிகள் எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்று பத்து நிமிடம் பேசினார். பொறியாளர் அத்தனையையும் எழுதிக்கொண்டார்.