நகரத்துப் பிள்ளைகளின் படிப்புக்குத் தரும் பணம் எங்கே கரைகிறது?

அமெரிக்க நகரங்களில் பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகளுக்கு உள்ளூர்க் குடும்பங்களும் சங்கங்களும் கம்யூனிட்டி ஃபவுண்டேஷன்களும் (ஊரார் நன்கொடைகளைத் திரட்டி நிர்வகிக்கும் அறக்கட்டளைகள்) கொடுக்கும் உதவித்தொகையில் ஒரு பங்கு, அந்தப் பிள்ளைகளின் சுமையை ஒரு டாலர்கூடக் குறைக்காமல் போய்விடுகிறது. இதில் மோசடி எதுவும் கிடையாது. எல்லாம் விதிப்படிதான் நடக்கிறது. அதனாலேயே கொடுத்தவருக்கும் தெரிவதில்லை, வாங்கிய பிள்ளைக்கும் புரிவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்து ஒரு கல்லூரியில் ஆண்டுச் செலவு 30,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஏழை மாணவருக்கு ஃபெடரல் அரசு தரும், திருப்பிக் கட்டவேண்டாத பெல் கிராண்ட் அதிகபட்சமாக 7,395 டாலர் தருகிறது. மாநில உதவி 4,000. கல்லூரி தன் நிதியிலிருந்து 10,000. மீதி 8,605 டாலர். அதில் 5,500 மாணவர் பெயரில் கடன், 3,105 வீட்டார் புரட்டவேண்டியது. இப்போது ஊரில் உள்ள ஒரு நிதி அந்தப் பிள்ளைக்கு 3,000 டாலர் கொடுக்கிறது. கல்லூரியின் நிதி உதவி அலுவலகம் அதைக் கணக்கில் ஏற்றி, தன் 10,000 டாலரை 7,000 ஆகக் குறைத்துவிடுகிறது. மீதி அதே 8,605. கடனும் அதே கடன். நன்கொடை கல்லூரியின் கருவூலத்துக்குப் போய்விட்டது.

மொத்த உதவி மாணவரின் தேவையைத் தாண்டக்கூடாது என்ற ஃபெடரல் விதி இதற்கு ஒரு காரணம். ஆனால் எதைக் குறைப்பது என்ற முடிவு பெரும்பாலும் கல்லூரியின் கையில்தான் இருக்கிறது. கடனைக் குறைக்கலாம், வளாக வேலை நேரத்தைக் குறைக்கலாம். பல கல்லூரிகள் முதலில் தங்கள் சொந்த கிராண்டில் கை வைக்கின்றன. மேரிலாந்து மாநிலம் 2017இல் தன் அரசுக் கல்லூரிகளில் இதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது, நாட்டிலேயே முதலாவதாக. கலிபோர்னியா 2022இல் பெல் கிராண்ட் தகுதியுள்ள மாணவர்களுக்காக இதேபோன்ற சட்டம் கொண்டுவந்தது. உங்கள் மாநிலத்தில் அப்படிச் சட்டம் இல்லையென்றால், காசோலை எழுதுவதற்கு முன்பே செய்யவேண்டியவை உண்டு.

மாணவரின் நிதி உதவிக் கடிதம் மார்ச், ஏப்ரலில் வந்துவிடும். அதைப் பார்த்தபிறகே தொகையை முடிவுசெய்யுங்கள். கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல்: வெளி உதவித்தொகை வந்தால் எதை முதலில் குறைப்பீர்கள்? பதில் எழுத்தில் வேண்டும். நீங்கள் தரும் கடிதத்தில், “இத்தொகை முதலில் ஈடுசெய்யப்படாத செலவுக்கும், பிறகு கடனுக்குப் பதிலாகவும் பயன்பட வேண்டும்” என்று தெளிவாக எழுதுங்கள். காசோலையில் மாணவர் அடையாள எண் இருக்கட்டும். பாதி இலையுதிர் பருவம், பாதி வசந்தம் என்று குறிப்பிடுங்கள்; குறிப்பு இல்லாவிட்டால் பல கல்லூரிகள் தம் வழக்கப்படி பிரித்துக்கொள்ளும். கட்டணம், கட்டாயப் புத்தகம், கருவிகளுக்குப் போகும் தொகைக்கு மாணவர் வருமான வரி கட்டவேண்டியதில்லை. அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதி வரிக்குரிய வருமானம். இதை 18 வயதுப் பிள்ளையிடம் யாராவது முன்கூட்டியே சொல்லவேண்டும். பலர் சொல்வதில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை, நிதியின் விதிகளிலேயே இருக்கிறது. “மற்ற உதவியெல்லாம் போக மீதமுள்ள கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம்” என்பது பல நகரங்களின் திட்டம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இரண்டாண்டு கம்யூனிட்டி காலேஜில் கட்டணம் 5,000 டாலர் என்றால், மிக ஏழைப் பிள்ளைக்கு பெல் கிராண்டே அதைக் கட்டிவிடும். ஆகவே நிதியிலிருந்து அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது பூச்சியம். பெல் கிராண்டுக்குத் தகுதியில்லாத நடுத்தர வீட்டுப் பிள்ளைக்கு முழு 5,000. ஏழைகளுக்கென்று திரட்டிய பணம் நடுத்தர வர்க்கத்துக்குப் போகிறது. பல நகரங்களில் ஏழைப் பிள்ளை என்றால் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளை, லத்தீன் பிள்ளை என்பதால், இன இடைவெளியைக் குறைக்க வந்த திட்டமே அதைத் தாங்கிப்பிடிக்கிறது.

மிச்சிகனில் உள்ள கலமசூ நகரம் இதை வேறு விதமாகச் செய்தது. 2005 நவம்பர் 10 அன்று, பெயர் சொல்ல விரும்பாத சில புரவலர்கள், அந்த நகரப் பள்ளி மாவட்டத்தில் படித்து முடிக்கும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுவதாக அறிவித்தார்கள். கிண்டர்கார்டனிலிருந்து அங்கேயே படித்தால் மிச்சிகன் அரசுக் கல்லூரிகளில் 100 விழுக்காடு. 9ஆம் வகுப்பில் சேர்ந்திருந்தால் 65 விழுக்காடு. இது முதல் டாலர் திட்டம்: மற்ற உதவிகளைக் கழிக்காமல் முதலில் இந்தப் பணம் கட்டப்படுகிறது. பெல் கிராண்ட் மாணவர் கையில் நிற்கும். வாடகைக்கும் பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் அதுதான் உதவுகிறது.

கலமசூவில் தகுதிபெற மதிப்பெண் எல்லை கிடையாது. இதைப் பலர் ஏற்கத் தயங்குகிறார்கள், நம் தமிழ்க் குடும்பங்கள் குறிப்பாக. மதிப்பெண்ணை உழைப்பின் அடையாளமாகப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் 4க்கு 3.5 சராசரி என்று ஒரு கோடு போட்டவுடனே, மாலையில் கடையில் வேலை பார்த்துவிட்டுத் தம்பி தங்கையையும் கவனித்துக்கொண்டு 2.8 எடுத்த பிள்ளை வெளியே போய்விடும். பல இடங்களிலிருந்து உதவித்தொகை வாங்கக்கூடிய பிள்ளைக்கு இன்னொன்று சேரும். பிட்ஸ்பர்க் நகரத் திட்டம் 2.5 சராசரியும் 90 விழுக்காடு வருகையும் கேட்டது. அந்த அளவே ஒரு பெரும் பகுதியை வடிகட்டிவிடும். கலமசூவை ஆராய்ந்தவர்கள் கண்டது: பள்ளி முடித்து ஆறு ஆண்டுகளுக்குள் ஏதேனும் பட்டமோ சான்றிதழோ பெறுவோரின் விகிதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. அங்கேயும் பணம் மட்டும் போதவில்லை. கல்லூரிக்குள்ளே மாணவர்களுக்குக் கைகொடுக்க வழிகாட்டிகளையும் பின்னர் அமர்த்தினார்கள்.

இந்த இன இடைவெளி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் கொடுப்பவர்கள், பிள்ளைகளிடமே குறை இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். 1930களில் வீட்டுக்கடனுக்காக ஃபெடரல் நிறுவனம் ஒன்று வரைந்த நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் சிவப்பாக, ஆபத்தானவையாகக் குறிக்கப்பட்டன. அங்கே கடன் கிடைக்கவில்லை, வீட்டு மதிப்பு ஏறவில்லை. பள்ளிகளுக்கு வரும் பணத்தில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்துவரி. ஏழை மாவட்டத்துக்கும் பணக்கார மாவட்டத்துக்கும் இடையிலான இந்த வேறுபாடு அரசியல் சாசனத்தை மீறவில்லை என்று உச்ச நீதிமன்றம் 1973இல் டெக்சாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே டெட்ராய்ட் வழக்கில், பள்ளிகளை ஒன்றுகலக்கும் திட்டத்துக்குள் புறநகர் மாவட்டங்களை இழுக்கமுடியாது என்றது. நம்மில் பலர் வீடு வாங்கும்போது பள்ளி மதிப்பீட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அந்தப் புறநகர்களைத்தான். நம்மவர் இந்த நாட்டுக்கு வர வழிதிறந்த 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், கறுப்பின மக்கள் நடத்திய உரிமைப் போராட்டக் காலத்தின் விளைச்சல் என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

அப்படியானால் “கறுப்பின மாணவர்களுக்கு மட்டும்” என்று நிதி தொடங்கலாமா? இப்போது அது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். 2023 ஜூனில் ஹார்வர்டு வழக்கில் இன அடிப்படையிலான சேர்க்கையை உச்ச நீதிமன்றம் தடுத்தது; அது கல்லூரிச் சேர்க்கையை மட்டும் பற்றியது. ஆனால் 2024 ஜூனில், கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு மட்டும் 20,000 டாலர் கிராண்ட் தந்த அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்டை 11ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது. வழக்குத் தொடுத்தவர்கள் எடுத்துக்கொண்ட ஆயுதம் 1866ஆம் ஆண்டு உரிமைச் சட்டம், விடுதலை பெற்ற அடிமைகளைக் காக்க வந்த அதே சட்டம். போட்டியின் விதிகள் ஓர் ஒப்பந்தம் போல எழுதப்பட்டிருந்தது வழக்கில் முக்கியமாயிற்று. அந்த ஆண்டு செப்டம்பரில் சமரசம் ஏற்பட்டு அந்தப் போட்டி மூடப்பட்டது.

ஆகவே தகுதி விதியில் இனத்தை எழுதாதீர்கள். குறிப்பிட்ட நகரப் பள்ளிகள், குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரி போவோர், பெல் கிராண்ட் தகுதி, வளர்ப்பு இல்லங்களில் வளர்ந்தவர்கள் என்று எழுதலாம். விண்ணப்பச் செய்தியை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்பதும் தகுதி விதியளவு முக்கியம். கறுப்பினத் தேவாலயங்கள், சிறுவர் மன்றங்கள், பொது நூலகக் கிளைகள், பள்ளிக் கவுன்சிலர்கள். இணையத்தில் மட்டும் போட்டால் தேடத் தெரிந்த பிள்ளைகள்தான் வருவார்கள். மோர்ஹவுஸ், ஸ்பெல்மன் போன்ற வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகளின் பொது உதவி நிதிக்குக் கொடுப்பது இன்னொரு நேர்வழி. இறுதி வாசகத்தை ஒரு வழக்கறிஞர் பார்த்துவிடட்டும்.

மே மாதம் மேடையில் காசோலை கொடுத்து முடிந்துவிட்டதாக நினைக்கும் நிதிகளும் பிள்ளைகளை இழக்கின்றன. கல்லூரியில் இடம் உறுதியான பிள்ளைகளில் 10 முதல் 20 விழுக்காட்டினர் இலையுதிர் பருவத்தில் வகுப்புக்கே வருவதில்லை என்று ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. ஏழைப் பிள்ளைகளிடம் இது இன்னும் அதிகம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஃபாஃப்சா என்னும் ஃபெடரல் நிதி உதவி விண்ணப்பத்துக்கு வருமானச் சரிபார்ப்புக் கேட்டு கல்லூரி கடிதம் அனுப்பும். கல்லூரியின் மருத்துவக் காப்பீடு வேண்டாம் என்று படிவம் தராவிட்டால் சில ஆயிரம் டாலர் கட்டணப் பட்டியலில் ஏறிவிடும். தடுப்பூசிச் சான்று, விடுதி முன்பணம் என்று வரிசையாக வரும். பள்ளிக் கவுன்சிலருக்கு அப்போது விடுமுறை, கல்லூரி ஆலோசகர் இன்னும் அறிமுகமில்லை. ஒரு பகுதிநேர ஊழியரை அந்த மூன்று மாதம் வைத்து, வாரம் ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, பதில் வந்தால் தொலைபேசியில் பேசச் செய்யுங்கள். ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

கடைசி ஆண்டிலும் இதே கதை. அட்லாண்டாவின் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம், சில நூறு டாலர் பாக்கிக்காக வகுப்பிலிருந்து நீக்கப்படும் மாணவர்களைக் கண்டு, 2011 முதல் அந்தப் பாக்கியைத் தானே கட்டும் சிறு கிராண்டுகளைத் தருகிறது. சராசரி ஏறக்குறைய 900 டாலர். விண்ணப்பமே கிடையாது, கணக்கைப் பார்த்துப் பல்கலைக்கழகமே தேர்ந்தெடுக்கிறது. உங்கள் நகரக் கல்லூரியில் அவசர நிதி இருந்தால், புதிதாக ஒரு பெயர் சூட்டிய உதவித்தொகை தொடங்குவதைவிட அதில் 5,000 டாலர் போடுவது அதிகப் பிள்ளைகளைப் பட்டம் வரை கொண்டுபோகும் என்பதே எங்கள் கருத்து.

பெயர் சூட்டிய நிதிதான் வேண்டும் என்றால் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். நிரந்தர நிதியிலிருந்து ஆண்டுக்கு 4 விழுக்காடு செலவிட்டால், 25,000 டாலர் முதலீடு தருவது 1,000 டாலர். ஒரு பருவத்துப் புத்தகத்துக்கும் மடிக்கணினிக்கும் சரியாகப் போகும். அதே 25,000 டாலரை ஐந்து ஆண்டில் செலவழித்து முடித்தால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 5,000. தாத்தா பாட்டி பெயர் நிலைக்கவேண்டும் என்ற ஆசை இயல்புதான், எனினும் இரண்டையும் அருகருகே எழுதிப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

எந்த வகை அமைப்பில் பணத்தை வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். டோனர் அட்வைஸ்டு ஃபண்டிலிருந்து (வரிக்கழிவை முதலிலேயே பெற்று, பணத்தை யாருக்குத் தருவது என்று பின்னர் பரிந்துரைக்கும் நன்கொடைக் கணக்கு) தனி மாணவருக்குக் காசோலை கொடுக்கமுடியாது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கம்யூனிட்டி ஃபவுண்டேஷனில் உதவித்தொகை நிதி தொடங்கினால் தேர்வுக் குழுவில் நீங்கள் உட்காரலாம், ஆனால் குழு உறுப்பினர் அனைவரையும் நியமிப்பது ஃபவுண்டேஷன். உங்கள் குடும்பம் பெரும்பான்மையாக இருக்கக்கூடாது. குடும்பமே தனி ஃபவுண்டேஷன் தொடங்கி மாணவர்களுக்குக் கொடுக்க, வரித்துறையின் முன் அனுமதி வேண்டும். தனி ஃபவுண்டேஷன்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 விழுக்காட்டைச் செலவிட்டாகவேண்டும். டோனர் அட்வைஸ்டு ஃபண்டுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. வரிக்கழிவை வாங்கிவிட்டு வருடக்கணக்கில் பணத்தைத் தூங்கவிடுவது சட்டப்படி சரி, பிள்ளைகளுக்குச் சரியல்ல.

கம்பெனிப் பங்குகள் ஓராண்டுக்கு மேல் உங்களிடம் இருந்து விலை ஏறியிருந்தால், விற்காமல் பங்காகவே கொடுங்கள். ஏற்றத்துக்கு மூலதன வரி இல்லை. உங்கள் நன்கொடைக்கு இணையாக உங்கள் கம்பெனியும் தொகை தருகிறதா என்று பாருங்கள். 2026 முதல், செலவுகளைப் பட்டியலிடாமல் வரி கட்டுவோரும் தனியாக 1,000, தம்பதியாக 2,000 டாலர் வரை ரொக்க நன்கொடையைக் கழித்துக்கொள்ளலாம், டோனர் அட்வைஸ்டு ஃபண்டுக்குக் கொடுத்தது தவிர.

யாரைக் கேட்டு முடிவெடுக்கிறீர்கள் என்பது மிச்சம். 2010இல் நியூவர்க் நகரப் பள்ளிகளுக்கு மார்க் ஜக்கர்பர்க் 10 கோடி டாலர் அறிவித்ததை அந்த ஊர்ப் பெற்றோர்கள் தொலைக்காட்சியில்தான் தெரிந்துகொண்டார்கள். எதிர்ப்பு அப்போதே தொடங்கிவிட்டது. ஆங்கிலப் பாடத்தில் பின்னர் முன்னேற்றம் தெரிந்தும் அந்தக் கசப்பு நீங்கவில்லை. சிறு நிதிக்கும் இது பொருந்தும். தேர்வுக் குழுவில் அந்தப் பள்ளிகளின் பழைய மாணவர் இருவரையும் ஒரு பெற்றோரையும் சேருங்கள். கூட்டத்தை மாலை ஆறு மணிக்குமேல், பேருந்து போகும் இடத்தில் வையுங்கள். வந்தவர்களுக்கு நேரத்துக்கான ஊதியம் கொடுங்கள். பல ஃபவுண்டேஷன்களில் விண்ணப்பம் டிசம்பரிலேயே திறந்துவிடும். விதிகளை மாற்ற விரும்பினால் செப்டம்பருக்குள் அவர்களிடம் பேசிவிடவேண்டும்.