மாசூட்டல்

குறைகடத்தி (சிலிக்கன் போல, மின்சாரத்தை ஓரளவே கடத்தும் பொருள்) இயற்பியலில் 'டோப்பிங்' எனப்படுவதற்குத் தமிழ்ப் பாடநூல்களில் வழங்கும் சொல் மாசூட்டல். தூய படிகம் ஒன்றுக்குள் வேறொரு தனிமத்தின் அணுக்களை வேண்டுமென்றே, அளவோடு சேர்ப்பதுதான் அது.

'டோப்' டச்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே அது தொட்டுக்கொள்ளும் குழம்பு. தோய்த்தல் என்ற வினையில் பிறந்த பெயர். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஆங்கிலத்துக்குள் போய், கெட்டிக் குழம்பு, அபினிக் கலவை, போதைப்பொருள் என்று பொருள் விரிந்தது. பந்தயங்களில் கொடுக்கும் மருந்துக்கும் அதே பெயர், 20ஆம் நூற்றாண்டில் படிகத்தில் சேர்க்கும் மாசுக்கும் அதே பெயர். தமிழில் விளையாட்டுக்கு ஊக்கமருந்து, படிகத்துக்கு மாசூட்டல் என்று தனித்தனியே அமைந்தது நல்லதாகப் போயிற்று.

'மாசு' என்றால் அழுக்குதானே, இதற்குப் பொருந்துமா என்று சிலர் தயங்குகிறார்கள். 'ஊட்டல்' அந்தத் தயக்கத்தைப் போக்கிவிடுகிறது. தானாக ஒட்டினால் அது வெறும் மாசு. ஊட்டுவதற்கு ஒரு கை வேண்டும். தவிர, பாதத்துக்குச் செம்பஞ்சு ஊட்டுவது, துணிக்குச் சாயம் ஊட்டுவது என நிறமேற்றுவதற்கும் இது பழைய சொல். சில நானோமீட்டரே அகலமுள்ள நானோபடிகங்களில் மாசூட்டல் செய்வதும் பெரும்பாலும் அதைத்தான்.

துத்தநாக சல்பைடை எடுத்துக்கொள்வோம். இதன் நானோபடிகத்தில் கொஞ்சம் மாங்கனீஸ் சேர்த்துப் புறஊதா ஒளியில் காட்டினால், ஏறக்குறைய 590 நானோமீட்டர் அலைநீளத்தில் செம்மஞ்சளாக ஒளிரும். ஒளியை வாங்குவது படிகம். வாங்கிய ஆற்றல் மாங்கனீஸ் அயனிக்குப் போய்ச் சேர்கிறது. ஒளியை விடுவது அந்த அயனி. மாசு சேராத நானோபடிகத்தில் நிறத்தை முடிவுசெய்வது அளவு: சிறுக்கச் சிறுக்க நீலத்தை நோக்கி நகரும். (இப்படி அளவால் நிறம் மாறும் நானோபடிகங்களுக்குக் குவாண்டம் புள்ளிகள் என்று பெயர். 2023ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு இவற்றுக்குத்தான்.) மாங்கனீஸின் செம்மஞ்சளோ படிகத்தின் அளவு மாறினாலும் பெரிதாக நகராது, ஏனென்றால் அந்த ஒளி அயனியின் உள் எலக்ட்ரான்களுக்கிடையே பிறக்கிறது. வாங்கும் நிறமும் விடும் நிறமும் வெகு தூரம் விலகியிருப்பதால், விட்ட ஒளியைப் பக்கத்துப் படிகங்கள் மறுபடி விழுங்குவதும் மிகக் குறைவு. சூரிய ஒளியைக் குவிக்கும் ஒளிர்தகடுகளுக்கு இப்படிகங்களை ஆராய்வது இதனால்தான்.

1994இல் பார்கவா, காலகர் என்ற ஆய்வாளர்கள் மாங்கனீஸ் சேர்த்த இப்படிகங்களில் ஒளிர்வு நானோநொடிகளில் அடங்கிவிடுவதாக எழுதியதும் இத்துறை சூடுபிடித்தது. பின்னால் செய்த அளவீடுகளில், பெரிய படிகத்தில் போலவே மில்லிநொடிக் கணக்கில்தான் நீடிக்கிறது என்று தெரிந்தது.

செம்பு சேர்த்தால் கதை வேறு. படிகத்தின் எலக்ட்ரான் செம்பில் சிக்கிய துளையோடு (எலக்ட்ரான் இல்லாத காலியிடத்தோடு) சேரும்போது ஒளி வருகிறது. படிகமும் இதில் பங்காளி என்பதால் அளவு மாறினால் நிறமும் மாறும்.

சரி, ஊட்டுவது எளிதா? 3, 4 நானோமீட்டர் படிகத்தில் இருப்பதே ஏறத்தாழ ஆயிரம் அணுக்கள். நூற்றுக்கு ஒன்று என்றால் பத்து மாசு அணுக்கள்தான். அவையும் உள்ளே தங்காமல் வெளியே தள்ளப்படுகின்றன என்றே பலர் கருதினார்கள். 2005இல் ஆய்வாளர்கள் எர்வின், நோரிஸ் குழுவினர் வேறு விளக்கம் தந்தார்கள்: படிகம் வளரும்போது மாசு அணு அதன் மேற்பரப்பில் போதிய நேரம் ஒட்டியிருந்தால்தான் உள்ளே புதையும், படிகத்தின் வடிவமும் சுற்றியுள்ள கரைசலும் அதைத் தீர்மானிக்கின்றன. அந்தக் கணக்கை வைத்தே, மாசை ஏற்காது என்று ஒதுக்கப்பட்ட காட்மியம் செலினைடு நானோபடிகத்துக்குள்ளும் மாங்கனீஸைச் சேர்த்துக் காட்டினார்கள்.