அளிப்புரிமை: செருகுநிரல் உரிமத்துக்குப் பின்னால் இருக்கும் சொல்

இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் செருகுநிரல் ஒன்றின் முதன்மைக் கோப்பைத் திறந்தால், பெயர், பதிப்பு எண் எல்லாம் போட்ட தலைப்பகுதியில் உரிமம் பற்றியும் ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் ஜிபிஎல் (குனூ பொது உரிமம்) 2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு. உரிமை வேறு, உரிமம் வேறு: உரிமை எழுதியவருடையது, அதை வைத்து அவர் மற்றவர்களுக்குத் தரும் அனுமதிதான் உரிமம். ஜிபிஎல் என்ற உரிமத்தின் அடிப்படைக்குப் பெயர் காப்பிலெஃப்ட், தமிழில் அளிப்புரிமை.

காப்பிரைட் (பதிப்புரிமை) அறிவிப்புகளில் வரும் 'ஆல் ரைட்ஸ் ரிசர்வ்டு' (எல்லா உரிமைகளும் உடையவருக்கே) என்ற வரியைக் கேலி செய்து பிறந்த சொல் இது. 1976இல் லி-சென் வாங் எழுதிய பாலோ ஆல்டோ டைனி பேசிக் நிரலில் 'காப்பிலெஃப்ட், ஆல் ராங்ஸ் ரிசர்வ்டு' என்று இருந்தது. 1980களின் நடுவில் டான் ஹாப்கின்ஸ், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மனுக்கு அனுப்பிய கடித உறையில் 'காப்பிலெஃப்ட், ஆல் ரைட்ஸ் ரிவர்ஸ்டு' என்று குறும்பு செய்திருந்தார். ஸ்டால்மன் காப்பிலெஃப்ட் என்பதையே தன் கருத்துக்குப் பெயராக்கினார். 1989இல் ஜிபிஎல்லின் முதல் பதிப்பு வந்தது.

ஜிபிஎல்லில் வெளியான நிரலை யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம். விற்கவும் செய்யலாம், பலருக்கு இது தெரிவதில்லை. ஆனால் திருத்தியதை இன்னொருவருக்குக் கொடுத்தால், அதே உரிமத்தில், மூலநிரலும் கிடைக்கும்படி கொடுக்க வேண்டும். எம்ஐடி, பிஎஸ்டி போன்ற வேறு கட்டற்ற உரிமங்களில் இந்தக் கட்டாயம் இல்லை. ஜிபிஎல்லில் வெளியிடுவதைப் பதிப்புரிமையைத் துறப்பது என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. பதிப்புரிமைச் சட்டம் இல்லாவிட்டால் இந்த நிபந்தனைக்குப் பிடிமானமே கிடையாது.

சரி, வேறொருவர் எழுதிச் சேர்க்கும் நிரலையும் இது கட்டுப்படுத்துமா? சேர்ப்பது தனிப் படைப்பா, வழிப்படைப்பா (முன்பே உள்ள படைப்பை அடிப்படையாகக் கொண்டதா) என்பதைப் பொறுத்தது. தளத்தின் தோற்றத்தை மாற்றும் வேர்ட்பிரஸ் தோற்றக்கருக்கள் (தீம்) பற்றி 2009இல் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் லா சென்டர் என்ற சட்ட உதவி அமைப்பு சொன்ன கருத்து: பிஎச்பி மொழியில் எழுதிய நிரல் பகுதி வழிப்படைப்பு, ஜிபிஎல் பொருந்தும், வடிவமைப்பைச் சொல்லும் சிஎஸ்எஸ், படங்கள் அப்படி இருக்க வேண்டியதில்லை. சட்ட வல்லுநர் கருத்துதான், தீர்ப்பு அல்ல. அடுத்த ஆண்டே தீசிஸ் என்ற கட்டணத் தோற்றக்கருவை வைத்துப் பெரிய சண்டை நடந்தது. கடைசியில் அதை உருவாக்கியவர் பிஎச்பி பகுதியை மட்டும் ஜிபிஎல்லுக்கு மாற்றினார்.

தமிழுக்கு வருவோம். 'ரைட்' என்றால் ஆங்கிலத்தில் உரிமையும் வலமும். நமக்கு அவை இரண்டு சொற்கள் என்பதால் 'இடதுரிமை' என்றால் சிரிப்புதான் வரும். காப்புரிமையின் முன்பாதியை மாற்றி அளிப்புரிமை என்றவர்கள் கெட்டிக்காரர்கள். காப்பதற்கு எதிராக அளிப்பது, ஓசையும் ஒத்துப்போகிறது. வாங்கியவரும் அதேபோல அளிக்க வேண்டும் என்ற நிபந்தனை சொல்லில் தெரியவில்லை, அது ஒரு குறை. காப்புரிமை என்ற சொல் பேட்டன்ட்டுக்கும் வழங்குவதால், காப்பிரைட்டைப் பதிப்புரிமை என்றே எழுதுவது நல்லது. அப்புறம், 'அளிப்புரிமை உரிமம்' என்று அடுக்க வேண்டாம், 'அளிப்புரிமை நிபந்தனையுள்ள உரிமம்' போதும்.