ஒம்மா, அப்பா: சொல் ஒற்றுமையும் தற்செயலும்

கொரியன் சீரியல் ஓடும் பெங்களூர்த் தமிழ் வீடுகளுக்கெல்லாம் அந்தப் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். அம்மா ‘ஒம்மா’, அப்பா ‘அப்பா’, நான் ‘நா’. கூடவே ஒரு கேள்வி: “இத்தனையும் தற்செயலா?” தமிழையும் கொரியத்தையும் உறவாக்கிப் பார்ப்பது பழைய ஆசைதான். அமெரிக்க மிஷனரி ஹோமர் ஹல்பர்ட் 1905-லேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டார். புள்ளியியலில் பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: தற்செயல் இதைவிட அதிகமே செய்யும்.

கண், பல், நீர் என்று 100 அடிப்படைச் சொற்கள் எடுங்கள். முதல் மெய்யெழுத்து ஒத்தால் போதும், அதற்கான வாய்ப்பு பத்தில் ஒன்று என்று வைத்தால், உறவே இல்லாத மொழியிலும் சராசரியாக 10 சொற்கள் பொருந்தும். 20 மொழிகளோடு ஒப்பிட்டால் ஒன்றாவது 15-ஐத் தொட முக்கால் பங்குக்கு மேல் வாய்ப்பு. ஃபார்வர்டில் வருவது அந்த ஒன்றுதான். மிச்ச 19 பற்றிப் பேச்சே இருக்காது. ‘புல்’லுக்கு எதிரே ‘பச்சை’ வந்தாலும் சரி என்று பொருளையும் தளர்த்திவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஆஸ்திரேலியாவின் ம்பபாரம் மொழியில் நாய்க்குப் பெயர் ‘டாக்’. ஆங்கிலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘குடக’ என்ற பழைய வடிவம் தேய்ந்து அப்படி ஆனது. அம்மா, அப்பாவைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். மழலை வாயில் முதலில் வரும் ஒலிகள் அவை. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா!

சரி, உண்மையான உறவு எப்படி இருக்கும்? இந்த ஊர்க் கன்னடத்தையே பாருங்கள். பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பாம்பு ஹாவு, பத்து ஹத்து. முதல் எழுத்து ஒத்தே போகவில்லை. ஆனால் வேறுபாடு ஒரே மாதிரி இருக்கிறது. பழங்கன்னடத்தில் இவையும் பகரத்தில்தான் தொடங்கின. பிறகு வரிசையாக ஹகரமாயின. வடமொழியிலிருந்து வாங்கிய புஸ்தகமும் பூஜையும் மட்டும் பகரத்தோடேயே நிற்கின்றன. உறவையும் கடனையும் பிரித்துக் காட்டும் இந்த ஒழுங்கு ஃபார்வர்டுப் பட்டியல் எதிலும் என் கண்ணில் பட்டதில்லை.

சந்தேகம் தீராவிட்டால் மொழியியலாளர் ராபர்ட் ஆஸ்வால்ட் 1970-ல் சொன்ன சோதனையை எக்செலில் போட்டுப் பாருங்கள். ஒரு நெடுவரிசையில் தமிழ்ச் சொற்கள், பக்கத்தில் அதே பொருளுள்ள கொரியச் சொற்கள். கொரிய நெடுவரிசையை ஒரு வரி கீழே இறக்குங்கள். இப்போது நம் ‘பல்’லுக்கு எதிரே அவர்களுடைய ‘கண்’. பொருத்தங்களை எண்ணுங்கள். இன்னொரு வரி இறக்கி மறுபடி எண்ணுங்கள். இறக்கிய பட்டியல்களிலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கை வந்தால், முதலில் வந்ததும் தற்செயல்தான். எது பொருத்தம் என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். நடுவில் ‘சகரமும் தகரமும் ஒன்றுதானே’ என்று தோன்றினால், அந்தச் சலுகையை இறக்கிய பட்டியல்களுக்கும் கொடுத்தாக வேண்டும்.