சியா: சீயக்காயும் இல்லை, கசகசாவும் இல்லை

பத்தாம் மாடிப் பாட்டி சென்ற மாதம் மின்தூக்கியில் என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் ஒரு பொட்டலம். “பேத்தி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். பெயர் என்னவோ சீயாவாம். தலைக்குத் தேய்ப்பதா, சாப்பிடுவதா?” என்று கேட்டார். சிரிக்க இதில் ஒன்றும் இல்லை. சீயக்காய் தேய்த்துத் தலைமுழுகி வளர்ந்தவர் காதில் ‘சீயா’ என்று விழுந்தால் வேறு என்ன நினைவுக்கு வரும்? பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். முன்னும் பின்னும் ஆங்கிலம். தமிழில் ஓர் எழுத்துகூட இல்லை. சிங்கப்பூரில் தேக்காச் சந்தையில் வாங்கினாலும் பேரங்காடியில் வாங்கினாலும் இதே கதைதான். தமிழ்ப் பெயரை வாங்குகிறவரே சூட்டிக்கொள்ள வேண்டும்.

சொல் மெக்சிகோவிலிருந்து வந்தது. அஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்டில் மொழியில் (கடைசியில் இருக்கும் ‘இல்’ வேற்றுமை உருபு அன்று, மொழியின் பெயரே அப்படி) இதற்குச் ‘சியான்’ என்று பெயர். எண்ணெய்ப் பசை உடையது என்று பொருள் சொல்கிறார்கள். ஸ்பானியர் வாயில் கடைசி ‘ன்’ உதிர்ந்து ‘சியா’ ஆயிற்று. நம்முடைய ‘எண்ணெய்’ என்ற சொல்லைப் பிரித்தால் எள், நெய் என்று இரண்டாகும். எள்ளின் நெய்க்கு மட்டும் இருந்த பெயர் பிறகு தேங்காய் எண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் பொதுவாகிவிட்டது. சின்ன விதையும் எண்ணெயும் பெயரில் ஒட்டிக்கொள்வது கடல் கடந்தும் நடந்திருக்கிறது. மக்காச்சோளம், அவரை வகைகளோடு சியாவும் அஸ்டெக் அரசுக்குத் திறையாகக் கட்டப்பட்ட பொருள்.

‘சியா என்றால் மாயன் மொழியில் வலிமை’ என்று ஒரு விளக்கம் புலனத்தில் (வாட்ஸ்அப்) அடிக்கடி வந்து விழுகிறது. விற்பனைக்கு வசதியான கதை, நம்ப வேண்டியதில்லை. அறிவியல் பெயரிலும் ஒரு பிழை உண்டு. 1753இல் லின்னேயஸ் இந்தச் செடிக்குச் ‘சால்வியா ஹிஸ்பானிக்கா’ என்று பெயரிட்டார். ஹிஸ்பானிக்கா என்றால் ஸ்பெயின் நாட்டுக்குரியது. செடியின் தாயகமோ மெக்சிகோவும் குவாத்தமாலாவும். அவ்வளவு பெரிய தாவரவியலாளருக்கே பிறந்த ஊர் பிடிபடவில்லை என்றால், பாட்டியைக் குறை சொல்ல நான் யார்?

வலிமைக் கதையை விட்டுவிட்டு விதையைப் பார்ப்போம். 100 கிராம் சியாவில் சுமார் 34 கிராம் நார்ச்சத்தும் 16 கிராமுக்குச் சற்று மேல் புரதமும் 600 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்தும் இருக்கின்றன. 30 கிராம் அளவுக்குக் கொழுப்பு. அதில் பாதிக்கு மேல் ஒமேகா-3 வகை. யாரும் 100 கிராம் தின்னப் போவதில்லை. ஒரு மேசைக்கரண்டி ஏறக்குறைய 12 கிராம். அதில் சுமார் 4 கிராம் நார், 60 கலோரி. ‘ஆற்றல்’ என்று விளம்பரம் சொல்வது இந்த 60 கலோரியைத்தான். ஒரு துண்டு ரொட்டியில் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் ஊறிய விதை கூழாகி மெதுவாகச் செரிப்பதால் பதினொரு மணிக்கே வயிறு கிள்ளுவதில்லை. அதைத்தான் மக்கள் தெம்பு என்கிறார்கள். தெம்பு என்பது சரியான சொல், சக்தி என்பது மிகை. மீனில் கிடைக்கும் ஒமேகா-3க்கு இது ஈடும் ஆகாது. விதையில் உள்ள வகையை நம் உடல் சிறிதளவே அந்த வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது.

நாருக்காக என்றால் மனமாரச் சொல்லலாம். நாளொன்றுக்குப் பெண்களுக்கு 20 கிராம், ஆண்களுக்கு 26 கிராம் நார் வேண்டும் என்கிறது சுகாதார மேம்பாட்டு வாரியம். காலையில் புரோட்டா, மதியம் வெள்ளைச் சோறு, இரவில் மீகோரேங் என்று போனால் அந்தக் கணக்கு எங்கே நிறைவது?

இனி, பெயர்க் குழப்பத்தின் நடுக்கூடத்துக்கு வருவோம். சியாவைச் ‘சப்ஜா’ என்று சொல்பவர்களே இங்கே அதிகம். பலூடாவில் மிதப்பது, பண்டோங் பானத்தில் சிலர் போடுவது, மலாய்க்காரர்கள் ‘செலாசே’ என்பது எல்லாம் சப்ஜாதான். ‘சப்ஜா’வும் தமிழ் அன்று. பச்சை என்று பொருள்படும் பாரசீகச் ‘சப்ஸ்’ இந்தி வழியாக வந்து நம் சர்பத்தில் விழுந்தது. அந்தச் செடிக்குத் தமிழில் அழகான பெயர் இருக்கிறது: திருநீற்றுப்பச்சிலை. சியாவும் அதுவும் துளசிக் குடும்பத்துச் செடிகள். ஒன்றுவிட்ட உறவு. அதனால்தான் முகச்சாயல்.

பாட்டியின் சமையலறையில் இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் நீர் ஊற்றி, ஒன்றில் சப்ஜா, மற்றதில் சியா போட்டுப் பார்த்தோம். சப்ஜா மை கறுப்பு, ஒரே நிறம். போட்ட சற்று நேரத்திலேயே ஒவ்வொரு விதையும் வெள்ளைப் போர்வை போர்த்துக்கொண்டு தவளை முட்டைபோல் உருண்டது. நடுவில் கறுப்புப் புள்ளி, சுற்றிலும் தெளிந்த நீர். சியா அவசரப்படவில்லை. சாம்பல், பழுப்பு, வெள்ளை என்று காடை முட்டைபோல் புள்ளி விழுந்த அந்த விதை அடியில் கிடந்தது. கலக்கி வைத்துவிட்டுத் தேநீர் குடித்துத் திரும்பியபோது தம்ளரில் நீரே இல்லை. தன் எடையைப்போல் பத்து மடங்குக்குக் குறையாமல் நீரைப் பிடித்துக்கொண்டு கஞ்சியாக உறைந்திருந்தது. பாட்டி கரண்டியைச் சாய்த்தார். விழவில்லை. “கோந்து மாதிரி இருக்கிறதே” என்றார்.

இதைவிட வம்பான குழப்பம் கசகசா. இலங்கைத் தமிழர் பலர் சப்ஜாவையே கசகசா என்பார்கள். அந்தப் பழக்கத்தில் சியாவுக்கும் அந்தப் பெயர் போய்விடுகிறது. தமிழ்நாட்டில் கசகசா என்றால் குருமாவில் அரைத்து ஊற்றும் வெள்ளை விதை, அதாவது அபினிச் செடியின் விதை. சிங்கப்பூரில் அது தடைசெய்யப்பட்ட பொருள். மார்ஃபின் கலந்திருக்கக்கூடும் என்பதால் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு அதை அனுமதிப்பதில்லை. இங்குள்ள வீடுகளில் குருமாவுக்கு முந்திரிப்பருப்பு அரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஊருக்குப் போகும் தங்கையிடம் “வரும்போது அந்தக் கசகசா அரைக் கிலோ வாங்கி வா” என்று சியாவை நினைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். அவள் சொன்னபடியே வாங்கி வந்தால் சாங்கி விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான். ஒரு சொல்லில் சோம்பல் படுவது சில ஊர்களில் விலை கூடிய காரியம்.

அப்படியானால் சரியான தமிழ்ப் பெயர் எது? புதிதாக ஒன்று ஆக்கலாமா? நானும் முயன்று பார்த்தேன். ‘கூழ்விதை’ செவிக்கு இனிது, ஆனால் சப்ஜாவுக்கும் அப்படியே பொருந்தும். ‘மெக்சிகோ எள்’ கவர்ச்சியானது, ஆனால் ஆபத்தானது. எள் ஒவ்வாதவர்கள் இருக்கிறார்கள், எள் இல்லாத ஒன்றை எள் என்று சொல்லிப் பயமுறுத்துவானேன்? ‘அயல்துளசி’ என்றால் மாலை கட்டித் தொங்கவிட்டுவிடுவார்கள். மெக்சிகோவிலிருந்து வந்த மற்றொன்றான மிளகாய்க்கு மிளகின் பெயரைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள் நம் முன்னோர். உறைப்பு என்ற ஒற்றுமை அங்கே கைகொடுத்தது. அன்னாசிக்கு அது வாய்க்கவில்லை, பிறந்த ஊரில் அதற்கு வழங்கிய பெயரையே சற்றுத் தமிழாக்கி வைத்துக்கொண்டார்கள். சியாவுக்கும் இரண்டாவது வழிதான். சியா விதை என்றே சொல்லலாம். (தாவரவியல்படி அது விதை அன்று, விதையை உள்ளே வைத்திருக்கும் மிகச் சிறிய கொட்டைக்கனி. அந்தச் சண்டையை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.)

பாட்டியின் கேள்வியில் பாதி இன்னும் மிச்சம். சாப்பிடுவதுதான், ஆனால் உலர்ந்த விதையை வாயில் போட்டு நீர் குடிக்கக் கூடாது. ஒரு கரண்டி உலர்ந்த சியாவை விழுங்கி மேலே தண்ணீர் குடித்தவருக்கு உணவுக்குழாயிலேயே அது வீங்கி அடைத்துக்கொண்ட நிகழ்வை 2014இல் அமெரிக்க மருத்துவர்கள் விவரித்தார்கள். ஒரு மேசைக்கரண்டிக்கு ஒரு தம்ளர் நீர், குறைந்தது இருபது நிமிடம், இடையில் இரண்டு முறை கலக்கல். இல்லாவிட்டால் கட்டி தட்டும். விழுங்கச் சிரமப்படுகிறவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. முதல் வாரம் ஒரு தேக்கரண்டி போதும், வயிறு பழக வேண்டும். பாட்டி இப்போது கேழ்வரகுக் கூழ் ஆறியபின் மோரோடு சேர்த்துக் கலக்கிக் குடிக்கிறார். எனக்கு எலுமிச்சைச் சாறும் வெல்லமும். மெக்சிகோவிலும் எலுமிச்சையும் இனிப்பும் சேர்த்துத்தான் குடிக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

உச்சரிப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்பானிய மொழியில் முதல் ஒலி ‘அச்சு’, ‘பச்சை’ என்பவற்றில் வரும் வல்லொலி. தமிழில் சொல்லின் முதலில் வரும் சகரத்தைப் பலரும் மெல்லிதாகவே ஒலிக்கிறோம். ‘ஷியா’ என்று எழுதினால் அது வேறு ஒரு சமயப் பிரிவின் பெயர். ‘ச்சியா’ என்று மெய்யில் தொடங்கத் தமிழ் இலக்கணம் இடம் தராது. ஆனால் கடையில் இரண்டு நிறத்தில் விற்கிறார்களே, அவற்றைப் பெயரோடு சேர்த்துச் சந்தி பிசகாமல் கேட்டுப் பாருங்கள்: கறுப்புச் சியா, வெள்ளைச் சியா. ஒற்று மிகுந்தவுடன் மெக்சிகோக்காரர் சொல்லும் அதே ஒலி தானாக வந்துவிடுகிறது.